நீலகிரியிற் சீனக் கைதிகள்

வழக்கேடுகளும் மறியற்சாலைக் குறிப்புகளும் சரித்திரமாகுமா என வினவுவாருளர். ஆகும் என்பதே எமது துணிபு. கல்வெட்டில் இடம்பெறாத ஏழையின் வாழ்வு சில வேளைகளில் வழக்கேட்டில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கடல்கடந்து சென்ற சீனரின் கதை இதற்குத் தக்க சான்று.

1842இல் இலண்டன் மத்திய குற்றவியல் நீதிமன்றத்தில் ஒரு சீனச் சாட்சி முழந்தாளிட்டு, பீங்கான் தட்டொன்றை உடைத்துச் சத்தியஞ் செய்தான். பொய்யுரைத்தால் அவன் ஆன்மா அத்தட்டைப்போல உடையும் என்பது அச்சத்தியத்தின் பொருள். நீதிபதிகள் அதனை ஏற்றனர். ஆனால் 1854இல் கலிபோர்ணியா உயர் மன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்லலாகாது எனத் தீர்த்தது. லிங் சிங் என்ற சீனனைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஜோர்ஜ் ஹோல் என்பவனின் தண்டனை அதனால் நீக்கப்பட்டது. கண்டவன் சீனனாயின், கண்டதும் காணாததாயிற்று!

இவை தூரதேசத்துச் செய்திகள். ஆலங்குடாவிலிருந்து கடலைத் தாண்டினால் எட்டிவிடும் தமிழகத்திலேயே இவ்வினத்துக் கதையொன்றுண்டு. அதைப் பலர் அறியார்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் முதலாந் திகதி வரை இந்திய அரசாங்கத்தின் கீழிருந்தன. அங்கே மறியற்சாலைகளில் இடம் போதாமையாற் சீனக் கைதிகள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். இதில் ஒரு விந்தையைக் கவனிக்க. இந்தியக் கைதிகள் சிங்கப்பூரிலே அந்திரேயர் தேவாலயத்தைக் கட்டினர். சீனக் கைதிகளோ உதகமண்டலத்தை அடுத்த லவ்டேலில் லோறன்ஸ் விடுதிப் பாடசாலைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தனர். இரு கரையாரையும் இடம்மாற்றி வேலை வாங்கிற்று வெள்ளையராட்சி.

அவர்கள் அடைக்கப்பட்ட கொட்டில்கள் தற்காலிகமானவை. 1868இல் எழுவர் தப்பினர். தாசில்தார் படகரை நாற்றிசையும் ஏவித் தேடுவித்துச் சில நாட்களிற் பிடித்தார். அவ்வாண்டு யூலை 28ஆந் திகதி, பெரும் புயலிரவில், வேறு பன்னிருவர் ஓடினர். இரு வாரங்களின் பின் மலையாளத்தில் அகப்பட்டபோது அவர்களிடம் பொலிசாரின் ஆயுதங்கள் இருந்தன. தேடச் சென்ற பொலிஸ் கூட்டமொன்றையோ காணவில்லை! செப்டெம்பர் 15இல், சிஸ்பாரா மலைப்பாதையின் நடுவே, வாலகாட் காட்டில் நால்வர் பிரேதங்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. வெட்டுண்ட தலைகள் அவரவர் தோள்மீது ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. கைதிகள் சரணடைவதுபோல் நடித்து, பொலிசாரின் ஆயுதங்களாலேயே அவர்களைக் கொன்றனராம்.

1908இல் பிரான்சிஸ் துரை தொகுத்த நீலகிரி மாவட்ட நூல் இதனைக் கூறி, அச்சீனரைத் தந்திரசாலிகள் என ஒரே சொல்லால் முடித்துவிடுகிறது. நால்வரைக் கொன்ற கொடுமையை நாம் மறைக்கப் புகவில்லை. எனினும் அப்பக்கத்தில் ஒரு சீனனின் பெயரேனும் இல்லை. உயிர்துறந்த நான்கு பொலிசாரின் பெயருமில்லை. தலைகள் எவ்வாறு வைக்கப்பட்டிருந்தன என எழுதிய பேனா, அவை யாருடைய தலைகள் என எழுதவில்லை.

விடுதலைபெற்ற சீனர் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலுள்ள மலைச்சரிவில் குடியமர்ந்தனர். ஒடுக்கப்பட்ட வகுப்புத் தமிழ்ப் பெண்களை மணந்து, மரக்கறியும் கோப்பியும் பயிரிட்டு நேர்மையாகச் சீவித்தனர். தேர்ஸ்டன் துரை அங்கு சென்று அவர்களின் பிள்ளைகளுடைய நிறத்தையும் மூக்கையும் ஆராய்ந்தார். 1909இல் வெளிவந்த அவருடைய தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் அக்குறிப்பு உள்ளது. அளவுகோலுடன் போன அவர் தற்செயலாக ஒரு மனிதக் குரலையும் பதிந்து வைத்தார். அங்கிருந்த சீனத் தகப்பனுக்கு ஒரேயொரு மனக்குறை: கிறிஸ்தவனாகியபோது தன் பின்னற் குடுமியை வெட்டவேண்டி வந்ததாம்.

மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் இதை வாசித்து முதலிற் சிரித்தோம். பின்னர் மஞ்சு அரசரின் சட்டத்தை அறிந்தபோது சிரிப்பு அடங்கிற்று. குடுமியற்றவன் சீனாவில் அக்காலம் அரசத்துரோகியாகக் கருதப்பட்டான். அது தலைபோகும் குற்றம். குடுமியை வெட்டிய அன்றே அம்மனிதன் ஊர் திரும்பும் வழியையும் வெட்டிவிட்டான். மலைச்சரிவின் கோப்பித் தோட்டமும் அந்தத் தமிழ்ப் பெண்ணும் பிள்ளைகளுமே அவனுக்கு ஊராயினர். அவன் பெயரையும் துரை எழுதவில்லை.