கங்காதர நெல்லூரிலிருந்து தொழிற்கல்லூரிக்கு

வெளி மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளை பள்ளி இறுதி வகுப்பை எட்டியதும் ஒரு கேள்வி எழுகிறது. மருத்துவமோ பொறியியலோ பயில இவனை எந்த ஊர்க்காரனாகக் கொண்டு விண்ணப்பிப்பது என்பதே அது. பிழைப்பு நாடி ஊர் பெயர்ந்தோர்க்கு இக்கேள்வி எழுதல் இயல்பு. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் இருந்தவர்க்கும் இது நேர்ந்ததுண்டு. சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூரும் அதன் சுற்றுப்புறமும் அதற்குச் சான்று.

தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும் பகுதி அது. 1911 வரை சித்தூரே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். வேலூரும் திருப்பதியும் அம்மாவட்டத்துள் அடங்கியவை. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. ஆயினும் சென்னை இராஜதானியுள்ளேயே இருந்தமையால், உயர்கல்வி நாடிய இளைஞர் வேலூருக்கும் சென்னைக்கும் செல்வது நிற்கவில்லை.

அந்நாளில் தொழிற்கல்வி பெற விரும்பியோர் முதலில் கலைக் கல்லூரியின் படியேற வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியபின் எப்.ஏ. என்னும் ஈராண்டு வகுப்பு. அதுவே பிற்காலத்தில் இண்டர்மீடியட் ஆயிற்று. அதன்மேல் பி.ஏ. பட்டம். சட்டக் கல்லூரியில் சேரப் பி.ஏ. தேறியிருத்தல் வேண்டும், எனவே வழக்கறிஞராக எண்ணியவனுக்கு நான்காண்டு அவகாசம் இருந்தது. மருத்துவம் நாடியவனுக்கோ அவகாசம் குறைவு. இண்டர்மீடியட்டில் எந்தப் பாடத் தொகுதியை எடுப்பது என்று பதினாறு வயதிலேயே முடிவு செய்தாக வேண்டும். கணிதம் எடுத்தவன் பொறியியலை நோக்குவான். இயற்கை விஞ்ஞானம் எடுத்தவன் மருத்துவத்தை நோக்குவான். பின்னர் மனம் மாறினால் இழந்த ஆண்டுகள் மீளா. இம்முடிவைப் பெற்றோரே செய்துவிட்டுப் பிள்ளைக்குத் தெரிவிப்பது அன்றும் வழக்கமே.

முடிவு எப்போதும் ஆராய்ந்து எடுக்கப்பட்டதும் அன்று. 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருப்பதியில் பள்ளிக் கல்வி பெற்று, வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியில் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். அங்கே அவர் தத்துவத்தைத் தெரிந்தெடுத்ததற்கு, உறவினர் ஒருவரின் பாட நூல்கள் செலவின்றிக் கிடைத்தமையே காரணம் என்பர். புத்தகம் வாங்கும் காசும் ஒருவன் எதிர்காலத்தைத் தீர்மானித்த காலம் அது.

திருச்சானூரில் 1891இல் பிறந்த மாடபூசி அனந்தசயனம் ஐயங்காரின் வரலாறு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. திருப்பதியில் பள்ளிப் படிப்பு. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பட்டம். 1913இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் பி.எல். அவர் நேரே நீதிமன்றத்துக்குச் சென்றாரல்லர். 1912இல் கணித ஆசிரியராகப் பணி தொடங்கி, 1915இல்தான் வழக்கறிஞர் தொழிலுக்கு மாறினார். 1956 முதல் 1962 வரை மக்களவையின் தலைவராக வீற்றிருந்தவர் இவரே.

பெண்கள் வழி வேறு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களுக்குக் கதவு திறந்ததாயினும், அதற்குமுன் பயில வேண்டிய கலைக் கல்லூரி அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் ஆடவர் கல்லூரியில் தனியொரு மாணவியாகப் பயின்ற பின்னரே 1907இல் மருத்துவக் கல்லூரியில் சேர முடிந்தது. இந்நிலையில், சித்தூருக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதலாண்டில் 151 விண்ணப்பங்கள் வந்தன. அங்கே எல்.எம்.பி. என்ற சான்றிதழுக்கே பயிற்சி தரப்பட்டது. பள்ளி இறுதித் தேர்வே அதற்குப் போதுமானதாயிருந்தது. 1942இல் அப்பள்ளி எம்.பி.,பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. கல்வியின் தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் இண்டர்மீடியட் பயில வசதியற்ற சிற்றூர்ப் பெண்களுக்கு வாயில் சற்றே குறுகியதும் உண்மை. 1947இல் ஆடவரும் அங்கே சேர்க்கப்பட்டனர்.

நிற்க. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியது. சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தைச் சேர்ந்தது. வேலூரும் சென்னையும் ஒரே நாளில் அயல் மாநிலத்து ஊர்களாயின. அன்று ஆந்திரத்தில் இருந்த மருத்துவக் கல்லூரிகள் விசாகப்பட்டினத்தில் ஒன்று, குண்டூரில் ஒன்று. விசாகப்பட்டினமோ எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். திருத்தணியின் கதை இன்னும் விந்தையானது. 1953 கோடையில் அங்கே முதல் பாரத்தில் சேர்ந்த சிறுவன், புகுமுக வகுப்பை முடிப்பதற்குள் இருமுறை மாநிலம் மாறினான். 1960 ஏப்ரல் முதல் நாள் அவ்வூர் மீண்டும் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கங்காதர நெல்லூர் ஆந்திரத்திலேயே நின்றது.

இக்குறையைத் திருப்பதி விரைவில் நிரப்பியது. 1945 முதல் அங்கே தேவஸ்தானத்தின் கலைக் கல்லூரி இருந்தது. 1954இல் வேங்கடேசுவரப் பல்கலைக் கழகம், 1955இல் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1959இல் பொறியியற் கல்லூரி, 1960இல் மருத்துவக் கல்லூரி என அடுத்தடுத்து எழுந்தன. கிழக்கும் தெற்கும் நோக்கிச் சென்ற மாணாக்கர் வடக்கே திரும்பினர்.

1974இல் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று ஆந்திரப் பிரதேசத்தை மூன்று கல்விப் பகுதிகளாகப் பிரித்து, நூற்றுக்கு 85 இடங்களை அப்பகுதியினர்க்கே ஒதுக்கியது. அப்பகுதியினர் என்பதற்கு முதல் அளவுகோல், தகுதித் தேர்வோடு முடியும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அங்கே பயின்றிருத்தல். வீட்டில் பேசும் மொழியை அவ்வாணை வினவவில்லை. ஆகவே கங்காதர நெல்லூரின் தமிழ்ச் சிறுவனும் சித்தூரிலேயே படித்தால் திருப்பதிக் கல்லூரிக்கு உரியவன் ஆனான். தமிழ்வழிக் கல்வியை விரும்பி இறுதி ஈராண்டு வேலூர்ப் பள்ளிக்குச் சென்றவனோ, இங்கே தொடர்ச்சியை இழந்தான். அங்கே தமிழ்நாட்டின் பிறப்பிடச் சான்றிதழ் கேட்கப்பட்டு நின்றான். இரு ஊர்களுக்கும் இடையே பேருந்துப் பயணம் ஒரு மணி நேரத்தை ஒட்டியதே.