முதுமையுற்ற வேட்டைக்காரரும் அவர்தம் துப்பாக்கிகளும்

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நம் குடியிருப்பு வீடுகளில் தையற்பொறிக்கும் மிதிவண்டிக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் இடுகிறோம். மை தீர்ந்த பேனாவும் அரிவாள்மணையுங்கூட அன்று வணக்கத்திற்கு உரியனவாகிவிடுகின்றன. உண்மையான படைக்கலம் ஒன்றேனும் அவற்றினிடையே இருப்பதில்லை. பாண்டவர் தம் வில்லையும் வாளையும் வன்னி மரத்தில் மறைத்து வைத்த கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி நிறைவு பெறுகிறோம். பாண்டவர்க்கு ஓராண்டு கழிந்தால் அவற்றை மீட்டுக் கொள்ளலாம் என்னும் துணிவு இருந்தது. இனி ஒருபோதும் எடுக்கப் போவதில்லை என்று அறிந்தவன் தன் படைக்கலத்தை எம்மரத்தில் வைப்பான்? நம் நாட்டு வேட்டைக்காரர்களின் இறுதித் தலைமுறையினர் எதிர்கொண்ட வினா இதுவே. அவர்கள் கண்ட விடைகளைச் சிறிது ஆராய்வோம்.

துப்பாக்கியை விட்டுப் பிரிவதில் இத்துணைத் துயரம் ஏன் என்று நகரத்தில் வாழும் நம்மவர் வியக்கக்கூடும். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. லிட்டன் பிரபு ஆண்ட காலத்தில், 1878ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட படைக்கலச் சட்டம் இந்தியரை உரிமம் பெறுமாறு பணித்தது. ஐரோப்பியர்க்கோ விலக்கு அளித்தது. அவ்வேற்றுமையைத் தேசியத் தலைவர்கள் பல்லாண்டு கண்டித்தனர். எனவே உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கியது என்றால், அது மான் சுடும் கருவி மட்டும் அன்று. அவ்வீட்டார் அரசினரால் மதிக்கப்பட்டவர் என்பதற்குச் சான்றும் ஆகும். ஜமீன்தார்களும் தோட்ட முதலாளிகளும் வனத்துறை அதிகாரிகளும் ஓய்வுபெற்ற படைவீரரும் அதனை மகளுக்குரிய நகையைப் போலப் போற்றினர். விடுதலைக்குப்பின் 1959ஆம் ஆண்டில் புதிய படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டு 1962ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமம் இருந்தது, காடும் இருந்தது, வேட்டையும் நடந்தது.

1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலி வேட்டை அதற்குச் சற்று முன்பே தடுக்கப்பட்டிருந்தது. சிறு விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாடுதற்கு எஞ்சியிருந்த இடமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அடைபட்டது. இத்தடை வேண்டியதே என்பதில் நமக்கு ஐயமில்லை. நாட்டின் கடைசிச் சிவிங்கிகள் என்று எண்ணப்பட்ட மூன்றையும் கொரியா சமஸ்தான மன்னர் 1947ஆம் ஆண்டில் ஒரே இரவில் சுட்டார் என்பதை நினைந்தால், தடை காலந்தாழ்ந்தே வந்தது என்றுதான் கூற வேண்டும். ஆயினும் சட்டம் வேட்டையை நிறுத்தியதேயன்றித் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. தொழில் போயிற்று, கருவி வீட்டிலேயே தங்கிற்று. அன்று நாற்பது அகவையில் இருந்தோர் அதனைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்துக்கொண்டே எண்பதை எய்தினர்.

இவர்களுக்கு முன்னரே, சட்டம் எதுவும் வற்புறுத்தாத காலத்தில், இவ்வினாவைத் தாமே எதிர்கொண்ட ஒருவர் உண்டு. அவர் ஜிம் கார்பெட். 1875ஆம் ஆண்டு நைனித்தாலில் பிறந்தவர். சம்பாவத் பகுதியில் ஒரு பெண்புலி, நேபாளத்தில் கொன்றவர்களையும் சேர்த்து, 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதனை 1907ஆம் ஆண்டில் கார்பெட் வீழ்த்தினார். இறுதிக் குண்டு அவருடைய துப்பாக்கியிலிருந்து செல்லவில்லை. தம்மிடம் இருந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்தபின், உடன் வந்த தாசில்தாரின் பழந்துப்பாக்கியை வாங்கிச் சுட்டார் என்று அவரே எழுதியுள்ளார். பெயர் பெற்றவர் கார்பெட். அத்தாசில்தாரின் துப்பாக்கி என்னவாயிற்று என்று கேட்பார் இல்லை! அவ்வெற்றியைப் பாராட்டி ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட், லண்டன் ரிக்பி கம்பெனியார் செய்த 275 ரைபிள் ஒன்றைக் கார்பெட்டுக்குப் பரிசளித்தார். அதன் கட்டையில் பரிசளித்த காரணம் வெள்ளித் தகட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. 1926ஆம் ஆண்டில், 125 பேரைக் கொன்றதாகப் பதிவான ருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை அவர் வீழ்த்தியதும் இந்த ரைபிளாலேயே என்பர். 1938ஆம் ஆண்டில் தாக் என்னும் ஊரில் இறுதி ஆட்கொல்லியைச் சுட்டபோது அவருக்கு அகவை 63. அதற்கு நெடுநாள் முன்பிருந்தே துப்பாக்கியைவிட ஒளிப்படக் கருவியையே அவர் மிகுதியும் விரும்பலானார்.

1947ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் கார்பெட்டும் அவர் தமக்கை மேகியும் நைனித்தால் வீட்டை விற்றுவிட்டுக் கென்யா நாட்டுக்குப் புறப்பட்டனர். அகவை 72. மனைவியில்லை, மக்களும் இல்லை. வாழ்நாள் முழுதும் கைக்குத் துணையாய் இருந்த துப்பாக்கிகளை அவர் நான்கு வகையாகப் பிரிந்தார் என்பது நோக்கத் தக்கது.

சிலவற்றை யாருக்கும் விற்காமலும் கொடுக்காமலும் காட்டிற்கு எடுத்துச் சென்று புதைத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். புதைத்த இடத்தை அவர் எழுதி வைக்கவில்லை. விற்றிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும்; கென்யாவிற் புதுவாழ்வு தொடங்குவோர்க்குப் பணமும் தேவையாய் இருந்திருக்கும். எனினும் எந்தக் காட்டில் அவை முழங்கினவோ அந்தக் காட்டு மண்ணிலேயே அவற்றை ஒப்படைத்தார். இது முதியவர் ஒருவரின் மிகையுணர்ச்சி என்று சிலர் கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. 1947ஆம் ஆண்டின் அந்த மாதங்களில் வட இந்தியாவில் துப்பாக்கி யார் கைக்கு எதற்காகச் செல்லும் என்று எவரால் சொல்ல முடியும்?

ஒன்றை மட்டும் மனம் உவந்து கொடுத்தார். காலாதுங்கிக்கு அருகில் சோட்டி ஹல்த்வானி என்னும் சிற்றூர் அவர் வாங்கி வளர்த்தது. காட்டுப் பன்றிகள் பயிரை அழிக்காதபடி ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பித் தந்தவரும் அவரே. புறப்படும்போது நிலத்தை உழுதவர்க்கே விட்டார். தம் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றை அவ்வூரார் ஒருவரிடம் கொடுத்து, ஊருக்குக் காவலாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அக்குடும்பத்தார் அதனை வழிவழியாகக் காத்து, அவ்வூரைக் காண வருவோர்க்குக் காட்டி வந்தனர்.

மூன்றாவது, வெள்ளித் தகடு பதித்த ரிக்பி. அதனை அவர் தம்முடன் கொண்டு சென்றார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நியேரி நகரில் அவர் மறைந்தபின், அது அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரைச் சேர்ந்தது. வேட்டைக்காரனின் துப்பாக்கிக்குப் பதிப்பகத்தார் உரிமையாளரானது வேறெங்கும் கேட்டறியாத செய்தி. நெடுங்காலம் கழிந்து, அதனைச் செய்த ரிக்பி கம்பெனியாரே திரும்பப் பெற்றனர். 2016ஆம் ஆண்டில் அவர்கள் அதனை இந்தியாவுக்குக் கொணர்ந்து, கார்பெட் திரிந்த குமாவுன் மலைப்பகுதியில் மக்கள் காணச் செய்தனர்.

நான்காவது, ஜெஃப்ரி கம்பெனியார் செய்த இரட்டைக் குழல் ரைபிள். அது கைமாறிக் கைமாறிக் கடல் கடந்து அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் என்பாரிடம் சேர்ந்தது. அவர் மறைந்து பல்லாண்டு சென்றபின் 2015ஆம் ஆண்டில் ஏலத்தில் விலைபோயிற்று. விலை கொடுத்தவரை நாம் குறை கூறவில்லை. ஆனால் இந்நான்கினுள் எதனைச் சிறந்தது என்பீர் என்று எம்மைக் கேட்பின், வெள்ளித் தகடு பதித்ததை அன்று, சோட்டி ஹல்த்வானியில் இருந்த அந்த மலிவான ஒற்றைக் குழலையே சுட்டுவோம். மற்றவை கார்பெட்டின் நினைவுக்காக வைக்கப்பட்டன. அது ஒரு வேலைக்காகக் கொடுக்கப்பட்டது.

கார்பெட்டைப் போல் இன்று எவரும் காட்டில் புதைத்துவிட்டு வரவோ, அண்டை வீட்டாரை அழைத்துக் கொடுக்கவோ இயலாது. உரிமம் உடைய ஒருவருக்கே துப்பாக்கியை விற்கலாம், கொடுக்கலாம். அதற்கும் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ எழுத்து மூலம் அறிவித்து 45 நாள் காத்திருத்தல் வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருத்தல் ஆகாது என்றது. 2019ஆம் ஆண்டில் அது இரண்டாகக் குறைக்கப்பட்டது. முதலில் ஒன்றே போதும் என்றுதான் மசோதா எழுதப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் இரண்டாயிற்று. மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. படைத்துறையினர் தம் படைப்பிரிவின் ஆயுதச் சாலையில் ஒப்படைக்க இடமிருந்தது.

மூன்றில் எதை விடுவது? இது கணக்கு வினாவாகத் தோன்றும்; ஆனால் வீட்டினுள் நிகழ்வது வேறு. ஒன்று தந்தை விட்டுச் சென்றதாக இருக்கும். ஒன்று முதற் சம்பளத்தில் வாங்கியதாக இருக்கும். மற்றொன்று, உடன் வேட்டைக்குச் சென்ற நண்பர் இறக்குமுன் கொடுத்ததாக இருக்கும். விலையைக் கொண்டும் முடிவு செய்தல் அரிது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதி 1980களின் நடுவில் நின்றுபோனதால் பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் சில பெருவிலை பெற்றன. வேறு சிலவற்றுக்கோ தோட்டாவே கிடைப்பதில்லை. நம் நாட்டுத் தொழிற்சாலைகள் 315 ரைபிளுக்கும் 12 போர் துப்பாக்கிக்கும் தோட்டா செய்தனவேயன்றி, லண்டன் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தத்தமக்கெனக் கண்டுபிடித்த அளவுகளுக்கெல்லாம் செய்யவில்லை. எனவே பேரரசின் காலத்து ரைபிள் பல, வாயிருந்தும் பேச்சற்றனவாகிவிட்டன. அறவே பயனற்றுப் பழம்பொருளாகிவிட்ட துப்பாக்கியைச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை என்பது உண்மை. ஆனால் செப்பனிட்டும் சுட இயலாததாக அது இருத்தல் வேண்டும். நன்றாகப் பேணிய ஒன்றைத் தன் கையாலேயே பாழாக்க எந்த வேட்டைக்காரருக்கு மனம் வரும்?

முதியோர்க்கு ஏற்ற விதி ஒன்று 2016ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. பலர் அதனை அறியார். உரிமம் உடையவர் 70 அகவை நிரம்பினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் உயிருடன் இருக்கும்போதே வாரிசுக்கு அதனை மாற்றித் தருமாறு விண்ணப்பிக்கலாம். வாரிசுக்கு உரிமம் பெறும் தகுதி இருக்க வேண்டும் என்பது தவிர வேறு பெருந்தடை இல்லை. இதனைச் செய்யாமல் ஒருவர் மறைந்துவிட்டால் என்ன நேர்கிறது? துக்கம் கேட்க வந்தவர்கள் போகுமுன்பே அவர் மனைவி துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டியவராகிறார்; காலந்தாழ்த்தினால் அது குற்றமாகும். தேர்தல்தோறும் கணவர் எடுத்துச் சென்று ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வந்த அதே பொருளை, இம்முறை திரும்ப வாங்குவதற்கு ஆளில்லாமல் அவர் கொடுக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெருநகரத்து அடுக்குமாடியிலோ இருக்கின்றனர். அவர்களுக்குத் துப்பாக்கி வேண்டாம். அதனை வைத்துக்கொள்ள இடமும் இல்லை. அவர்கள் மீது நமக்குக் குறையில்லை. தந்தை எழுபதில் கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் தந்தை கேட்பதில்லை.

சுவரில் மாட்டிய புலித்தலையும் தோலும் இதைவிடச் சிக்கலானவை. மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் நடத்திய பாடஞ்செய்யும் தொழிற்சாலை 1999ஆம் ஆண்டில் மூடப்படும்வரை பல்லாயிரம் புலி, சிறுத்தைத் தலைகளை உருவாக்கியது. அவற்றை விற்றல் ஆகாது. உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருத்தலும் ஆகாது. 2003ஆம் ஆண்டில் அறிவிக்காமல் விட்டவர்களுக்கு மீண்டும் 180 நாள் வாய்ப்பு அளிக்கப்பட்டது. துப்பாக்கிக்காவது கடைக்காரர் இருக்கிறார். அதனால் வீழ்ந்த புலிக்கு அவரும் இல்லை.

காவிரி தோன்றும் குடகு நாட்டில் மட்டும் இவ்வினா வேறு வடிவம் கொள்கிறது. குடகர்க்கும் அங்கு ஜம்மா நிலம் உடையோர்க்கும் 1861ஆம் ஆண்டு முதல் படைக்கல உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. விடுதலைக்குப் பின்னும் அது தொடர்ந்தது. 2019ஆம் ஆண்டில் மேலும் பத்தாண்டுக்கு, அதாவது 2029 வரை, நீட்டிக்கப்பட்டது. அதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் ஏற்கவில்லை. ஒரு சாராருக்கு மட்டும் விலக்கு ஏன் என்னும் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அங்குத் துப்பாக்கி தனியொருவரின் சேகரிப்பாகக் கருதப்படுவதைக் காட்டிலும் குலத்தின் பொருளாகவே கருதப்படுகிறது என்பதை நாம் கண்டுணர வேண்டும். எனவே முதியவர் எவரிடம் கொடுப்பது என்று தவிக்க வேண்டியதில்லை.

வயலில் நாற்று நட்டு முடித்தபின், செப்டம்பர் தொடக்கத்தில் கயில்போல்து என்னும் ஆயுத விழா அங்குக் கொண்டாடப்படுகிறது. பூசையறையில் துப்பாக்கிகளையும் கத்திகளையும் துடைத்து அடுக்கி, துப்பாக்கிக் குழலில் ஒரு மலரைச் செருகுகின்றனர். குடகர் அதனைத் தோக்குப் பூ, அதாவது துப்பாக்கிப் பூ என்கின்றனர். அது வேறொன்றுமன்று; நம் சங்கப் புலவர் போற்றிய செங்காந்தளே! வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி. யாரேனும் இறந்தால் அடுத்தடுத்து இரண்டு வெடி. அவ்வொலியைக் கேட்டு அண்டையார் வந்து கூடுவர். வெடித்த துப்பாக்கியைத் துடைத்து மீண்டும் வீட்டினுள் மாட்டிவிடுவர்.