மினுக்கலில் மறைந்த வரிகள்

1911 செப்டம்பர் 8 அன்று, தெற்குப் பிலிப்பைன்ஸின் மோரோ மாகாணத்து அமெரிக்க ஆளுநர் ஜான் பெர்ஷிங் ஓர் ஆணை பிறப்பித்தார். துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட வேண்டும். கிரிஸ், கம்பிலான் என்ற வாள்களையோ ஈட்டியையோ எடுத்துக்கொண்டு நடமாடக் கூடாது. வேலைக்கான கத்திக்கு மட்டும் விலக்கு, அதுவும் அலகு 15 அங்குலத்துக்குள் இருந்தால். மிண்டனாவோவிலும் சூலுத் தீவுகளிலும் இடுப்பில் வாளில்லாமல் வாசல் தாண்டாத ஆண்களுக்கு இது வெறும் ஆயுதச் சட்டமாகவா தோன்றியிருக்கும்?

‘மோரோ’ என்பதும் அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் அல்ல. தங்கள் நாட்டு ‘மூர்’ முஸ்லிம்களை நினைத்து ஸ்பானியர் சூட்டியது. மரனாவ், மகிந்தனாவ், தவ்சுக், யாக்கான் எனப் பல இனத்தார் அந்த ஒரே பெயருக்குள் அடைபட்டார்கள்.

ஆணைக்கு முன்பே வாள்கள் கப்பலேறத் தொடங்கியிருந்தன. 1906 மார்ச்சில் ஹோலோ தீவில், எரிமலையான பூட் டாஹோவின் வாய்க்குள் ஒதுங்கியிருந்தவர்களில் பெண்கள், குழந்தைகள் உட்பட அறுநூறு பேருக்கும் மேல் அமெரிக்கப் படையால் கொல்லப்பட்டார்கள். ஆணைக்குப் பிறகு, 1913 ஜூனில், பூட் பாக்சாக் மலையிலும் ரத்தம் சிந்தியது. ஊர் திரும்பிய சிப்பாய்கள் பலர் வாள்களையும் மூட்டை கட்டினார்கள். இன்று சேகரிப்பாளர்களின் கைகளில் புழங்கும் பழைய மோரோ வாள்களில் கணிசமானவை அப்படிப் போனவைதான்.

அவற்றில் மூன்று வகை அதிகம் கண்ணில் படும். தவ்சுக் மக்களின் பாரோங் இலை வடிவானது, குட்டை, முதுகு தடித்தது. கம்பிலான் நீண்டது, கைப்பிடியின் நுனி வாய் பிளந்த விலங்குபோல இரண்டாகப் பிரியும். கிரிஸ் இருபுறமும் கூர் கொண்டது. ஜாவாவின் கிரிஸ் குத்துவதற்கானது. மோரோ கிரிஸ் அதைவிடப் பெரியது, வெட்டவும் ஏற்றது. சிலவற்றின் அலகு பாம்புபோல நெளியும், சிலவற்றில் நேராகவே இருக்கும்.

அருமையான வாள்களின் அலகு ஒரே இரும்பால் ஆனதல்ல. மென்மையான இரும்பையும் கடினமான எஃகையும் அடுக்கி, உலையில் பழுக்கவைத்து, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார்கள். சில கொல்லர்கள் அந்தக் கம்பிகளைக் கயிறுபோல முறுக்கி, பக்கம் பக்கமாக வைத்து மறுபடியும் இணைப்பார்கள். தேய்த்துச் சீராக்கியபின் புளிப்புச் சாறு பட்டால் எஃகு கருக்கும், இரும்பு வெளிறி நிற்கும். முறுக்கின் வரிகள் அலையலையாக மேலே வரும். சந்தையில் இதையும் ‘டமாஸ்கஸ்’ என்று சொல்லி விற்கிறார்கள். அந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தென்னிந்திய உருக்கின் வரி வேறு சங்கதி. அது அடுக்கி இணைப்பதால் வருவதல்ல, மூசையில் உருக்கிய எஃகின் உள்ளமைப்பிலிருந்தே வருவது.

இவ்வளவு நுட்பத்தையும் வாஷிங்டனின் தேசிய அருங்காட்சியகத் தொகுப்பைப் பற்றி 1926இல் ஹெர்பர்ட் கிரீகர் எழுதிய நூல், தலைப்பிலேயே ‘ஆதிநிலை ஆயுதங்கள்’ என்ற வகையில் சேர்த்துவிட்டது. அதைப் படித்த எந்தக் கொல்லனும் சிரித்திருப்பான்.

வாள்களுக்குச் சிப்பாய்களின் வீட்டில் நேர்ந்த கேடு வேறு. சுவரில் மாட்ட அழகாக இருக்கட்டும் என்று மினுக்குச் சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடிபோலப் பளபளக்க வைத்தார்கள். வரிகள் கண்ணுக்கு மறைந்துபோயின. அலகின் காம்பைக் கைப்பிடிக்குள் பிடித்திருந்த மரப்பிசின் காய்ந்து பொடிந்தது. பிடி ஆடத் தொடங்கியது. அலகையும் பிடியையும் கவ்விநிற்கும் உலோகப் பட்டை, ‘அசாங்-அசாங்’, கழன்று தொலைந்தது. காக்கட்டுவா கிளியின் தலைபோலச் செதுக்கிய குமிழ் உடைந்தது.

சீர்செய்பவர் முதலில் துருவைப் பொறுமையாகத் தேய்த்தெடுக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறார். பிறகு வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஃபெரிக் குளோரைடையோ பூசுகிறார். வேண்டிய அளவு கருத்ததும் சமையல் சோடாக் கரைசலால் அமிலத்தை முறித்து, உலர்த்தி, எண்ணெய் தடவுகிறார். நூறாண்டு மறைந்திருந்த வரி சில நிமிடங்களில் தலைகாட்டிவிடும். அதிகநேரம் விட்டால் அலகே அரித்துப்போகும். கூர் விளிம்பில் இருக்கும் வெட்டுத் தழும்புகளைத் தேய்த்து மறைப்பதா விடுவதா என்பதில் சேகரிப்பாளர்களிடையே சண்டை உண்டு. விட்டுவிடுவதே சரி. வாள் வாளோடு மோதியது என்பதற்கு அதைவிட்டால் வேறென்ன சாட்சி?

கிரிஸின் வயதைச் சொல்ல ஒரு வழி, அலகின் அடியில் பொருத்தும் ‘கங்யா’ என்ற தனித்துண்டு. மிகப் பழையவற்றில் அது சேரும் கோடு நேராக ஓடும். பிந்தியவற்றில் முடிவில் சரிந்து இறங்கும். 1930 வாக்கில் ஒரே துண்டாக அடித்து, கோட்டை மட்டும் மேலே கீறி வைத்தார்கள். போர் ஓய்ந்து, வாங்குவோர் பயணிகளாகிவிட்ட காலம் அது.

சில வாள்களின் பிடியில் நூலால் கட்டிய பழைய அட்டை இன்னும் தொங்குகிறது. கொண்டுவந்த சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, ஊர், ஆண்டு எல்லாம் மையில் எழுதியிருக்கும். அட்டை இருந்தால் விலையும் கூடும். வாளை இழந்தவன் பெயரும் அடித்த கொல்லன் பெயரும் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை.