ஒரே மழையில் நனைந்த பிரதிகள்

மூணாறில் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக இருக்கும் ஒரு பழைய கட்டடம் முன்பு ரயில் நிலையமாக இருந்தது. இடுக்கி மாவட்டத்தில் இன்று ரயிலே ஓடாததால், சொன்னால் நம்பத் தயங்குவார்கள். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடு பூட்டி வண்டி இழுத்தார்கள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதையில் நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். மூணாறில் ஏற்றிய தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடி சேரும். அதன் பிறகு ரயிலும் கப்பலும் பிடித்து இங்கிலாந்து போகும்.

பெட்டி போன திசையிலேயே கணக்கும் போக வேண்டியிருந்தது. 1877 ஜூலை 11 அன்று பூஞ்சார் ராஜாவிடம் ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு வாங்கிய மலை, ஆண்டுகள் போகப் போக ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறிய தமிழர்கள். கணக்குக் கேட்ட தலைமையோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்தது.

அந்தக் காலத்துக் கம்பெனி அலுவலகங்களில் கடிதத்துக்குப் பிரதி எடுப்பது தனி வேலை. இதற்கென்றே உள்ள மையில் கடிதத்தை எழுதுவார்கள். மெல்லிய தாள்களால் ஆன பிரதிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, கடிதத்தின் மேல் வைத்து, இரும்புத் திருகு அழுத்தியில் இறுக்குவார்கள். மை ஊறித் தாளில் இடவலம் மாறிப் பதியும். மெல்லிய தாள் என்பதால் மறுபக்கம் திருப்பினால் நேராகப் படிக்கலாம். நீராவி எஞ்சினால் பெயர் பெற்ற ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற முறை இது. அவரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி செய்து கொடுத்தவர்தான். ஈரம் கூடினால் எழுத்து கலங்கும், குறைந்தால் பதியாது. எழுத்தர் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிடுவார். பதிந்ததா இல்லையா என்பது, வழக்கு வந்து யாராவது அந்தப் பக்கத்தைப் புரட்டும் நாளில்தான் தெரியும்.

1924 ஜூலையில் மழை பிடித்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றே சொல்கிறார்கள். மூணாறுக்கு அப்போது வெளியுலகத்தோடு இரண்டு பெரிய வழிகள் இருந்தன. கிழக்கே டாப் ஸ்டேஷன் வழியாகப் போடி, மேற்கே பூயம்குட்டிக் காட்டு வழியாக ஆலுவா. ஒன்று அடைபட்டால் இன்னொன்று என்பது நியாயமான கணக்குதான். ஆனால் அது ஒவ்வொன்றாக அடைபடும் என்று நம்பிய கணக்கு. ஒரே மழையில் ரயில் பாதையும் பெயர்ந்தது, ஆலுவாச் சாலையும் மலைச்சரிவில் புதைந்தது. தண்டவாளத்தை மறுபடி போடவே இல்லை. சாலையை வேறு வழியாகத் திருப்பினார்கள். அந்த வழியில் பெரியாற்றுக்குக் குறுக்கே நேரியமங்கலம் பாலம் 1935இல்தான் திறக்கப்பட்டது.

மலையில் வழிகள் போன பிறகும் கிளாஸ்கோவுக்கு அனுப்பிய கணக்குகள் இருந்தன. ஃபின்லே நிறுவனத்தின் பழைய ஆவணங்களைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகம் இன்றும் வைத்திருக்கிறது. கணக்கை அங்கே அனுப்பியது, காலனியக் கம்பெனி தன் லாபத்தைச் சரிபார்க்கச் செய்த ஏற்பாடு. முன்யோசனை என்று பாராட்ட ஒன்றுமில்லை. லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் இருந்த தொழிலாளியின் முன்பணக் கணக்கோ, ஆள்பிடித்து மேற்பார்த்த கங்காணி சொன்னதுதான்.

பிரதிப் புத்தகம் போய்க் கார்பன் தாள் வந்தது, அதுவும் போய் மின்னஞ்சல் வந்தது. எழுத்தர் இருந்த இடத்தில் இப்போது சர்வர் அறைப் பையன் இருக்கிறான். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வர் 1996இல் வந்தது. அது ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் லாக் கோப்பில் எழுதிவிட்டுப் பிறகுதான் தரவுத்தளத்தில் சேர்க்கும். பொதுவாக, பேக்கப் ஒழுங்காக முடிந்தால்தான் பழைய லாகுகள் அழியும். பேக்கப் நாலு நாள் ஓடவில்லையென்றால் லாக் குவிந்து டிஸ்க் நிரம்பி, அலுவலகத்தில் ஒருவருக்கும் மெயில் வராது. பதறிய கை உடனே லாகுகளை அழிக்கும். பிறகு பழைய பேக்கப்பை மீட்டால், இடைப்பட்ட நாட்களின் கடிதங்களை ஒட்டவைக்க ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு கோளாறு இதைவிட நூதனமானது. பேக்கப் எடுக்கும்போது தரவுத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கூட்டெண் போட்டுச் சரிபார்க்கிறார்கள். எண் ஒத்துப்போகாவிட்டால் ‘மைனஸ் 1018’ என்ற பிழையோடு வேலை நின்றுவிடும். பேக்கப் மென்பொருளைத் திட்டிக்கொண்டே அதைத் திரும்பத் திரும்ப நிறுவுகிறவர்கள் உண்டு. பழுது அதில் இல்லை. பெரும்பாலும் டிஸ்கோ அதன் கட்டுப்பாட்டு அட்டையோ பக்கத்தைக் கெடுத்திருக்கிறது, நின்றுபோன பேக்கப் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

பெரிய இடத்திலும் 1924 நடக்கும். 2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினர் கணக்கைத் திறந்தபோது பெட்டி காலியாக இருந்தது. கூகுள் ஒவ்வொரு மடலுக்கும் வெவ்வேறு தரவு மையங்களில் பிரதி வைத்திருந்தது. ஆனால் புதிய மென்பொருளில் இருந்த ஒரே பிழை பல பிரதிகளை ஒருசேரத் தொட்டுவிட்டது. வலையோடு இணைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த காந்த நாடாவை அது தொடவில்லை. பழங்காலச் சரக்கு என்று பலர் கைகழுவிய அந்த நாடாவிலிருந்துதான் மடல்களை மீட்டார்கள்.

ஒரே மழையில் எல்லா வழியும் அடைபடும் கதை மூணாறுக்கு மறுபடியும் வந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்கள் புதைந்தன. 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அங்கே மின்சாரம் ஏற்கெனவே போயிருந்தது, மின்சாரத்தை நம்பிய செல்போன் தொடர்பும் அதோடு போயிருந்தது. மூணாறிலிருந்து போகும் வழியில் பெரியவரை தற்காலிகப் பாலமும் வெள்ளத்தில் சேதமாகியிருந்தது. தப்பியவர்கள் இருட்டில் நடந்து போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெளியுலகத்துக்குச் செய்தி எட்டியபோது மறுநாள் காலை ஆகியிருந்தது.