ரங்கூனா, யாங்கோனா?

காரைக்குடி பக்கம் பெரிய வீடுகளுக்குப் போனா, "இது பர்மா தேக்கு, ரங்கூன்லேருந்து கப்பல்ல வந்துச்சு"ன்னு சொல்லுவாங்க. யாங்கோன்னு யாரும் சொல்றதில்ல. எது சரி?

1755-ல் அலாங்பாயா மன்னர் வச்ச பேர் யாங்கோன். ஆங்கிலேயர் ரங்கூன்னு எழுதினாங்க. வட்டிக்கடை வைக்கப் போன நகரத்தாரும் அதையே எடுத்துக்கிட்டாங்க. 1989-ல் ராணுவ அரசு மாத்துனது ஆங்கில எழுத்தைத்தான். பர்மிய மொழியில் அது எப்பவும் யாங்கோன்தான்.

அப்போ ரங்கூனை விட்டுடலாமா? 1930-களின் பெருமந்தத்துல கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துச்சு. 1937 வாக்கில், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி விளைநிலம் அவங்களோடது. 1942-ல் ஜப்பான் படை நுழைஞ்சதும் பலர் உயிர் தப்பி ஓடிவந்தாங்க. பின்னாடி, சுதந்திர பர்மாவில் நிலமும் கைவிட்டுப் போச்சு.

நமக்கு ரங்கூன்னா தாத்தா சம்பாதிச்ச ஊர். அங்க ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அது நிலத்தை இழந்த காலம். அதனால என் கணக்கு இதுதான்: அந்தக் காலத்துக் கதைக்கு ரங்கூன், இன்னைக்கு அங்க வாழ்றவங்க ஊருக்கு யாங்கோன். உங்க வீட்டுப் பழைய கணக்கு நோட்டுல என்ன பேர் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.