ஸ்ரீகோசம் பெயர்த்தெழுதலும் பழைய கணினிக் கோப்புகளும்

திருவாய்மொழிக்கு அவதரித்த ஐந்து வ்யாக்யானங்களும் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று தம் அளவையே திருநாமமாகக் கொண்டு விளங்குகின்றன. 32 எழுத்துக் கொண்டது ஒரு க்ரந்தம்; அதுவே இங்குப் படி எனப்படுவது. ஓலை கைமாறிக் கைமாறிப் பெயர்த்தெழுதப்பட்ட காலத்தில், நூலின் பெயரே அதன் அளவுக்கு ஸாக்ஷியாக நின்றது. எழுத்து குறையினும் மிகினும் விசாரிக்கத் தக்கது என்னும் நினைவு அப்பெயர்களிலேயே தொனிக்கிறது.

அந்த விசாரம் இன்று வேறொரு வகை ஸ்ரீகோசத்திற்கு வேண்டியிருக்கிறது. 1990களிலும் அதற்குப் பின்னரும் நம் க்ரந்தங்கள் பல கணினியில் தட்டச்சாகி அச்சேறின. அச்சுப் புத்தகம் தீர்ந்துபோன இடங்களில் அக்கோப்பே மூலம். மறுபதிப்புக்கென்று பின்னர்ச் சேர்த்த பாடபேதங்கள் அச்சுக்கு வாராமல் கோப்பில் மட்டுமே இருப்பதும் உண்டு. அவற்றை ஆக்கிய மென்பொருள்கள் வழக்கொழிந்தன. ஆகவே அவை இப்போது புதிய வடிவங்களுக்கு மாற்றப்படுகின்றன. மாற்றுவது ஒரு நிரல். செய்கை என்னவோ ஏடு பெயர்த்தெழுதும் பழைய செய்கையே.

முதலில் இக்கோப்புகளின் வரலாற்றை அறிதல் வேண்டும். அக்காலக் கணினியின் எழுத்துப் பட்டியலில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 ஆங்கிலத்திற்கும் கட்டளைக் குறிகளுக்கும் உரியவை. எஞ்சிய இடங்களில் தமிழை அடக்க ஒவ்வோர் எழுத்துரு வல்லுநரும் ஒவ்வொரு வழி கண்டனர். ஒருவர் ககரம் வைத்த இடத்தில் மற்றொருவர் வேறெழுத்தை வைத்தார். இணையத் தமிழன்பர் கலந்து பேசி டிஸ்கி என்னும் முறையை வகுத்தனர். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டை அறிவித்தது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டாயினும், தமிழக அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்துக் கோப்பை அதற்குரிய எழுத்துரு இன்றித் திறந்தால் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளே காணப்படும்.

இதில் அறிய வேண்டிய தத்துவம் ஒன்று. அக்கோப்புகள் பெரும்பாலும் எழுத்தைச் சேமிக்கவில்லை. எழுத்தின் தோற்றத்தைச் சேமித்தன. 'கொ' என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படியே கொம்பு, ககரம், கால் என்று மூன்றாகப் பதிவாயிற்று. ஒருங்குறியிலோ மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னுமாக நிற்கும். தோற்றத்திலிருந்து எழுத்தை மீட்கும் இவ்விடத்தில்தான் பிழை புகுகிறது.

ஔகாரம் இதற்கு நல்ல உதாஹரணம். பல எழுத்துருக்களில் ஔகாரத்தின் வலப்புறக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே இடம். ஆகவே 'ஸௌலப்யம்' என்பது மாற்றத்தில் ஸெ, ள என்று இரண்டெழுத்தாகப் பிரிந்துவிடும். காண்பவர்க்குப் பேதம் தோன்றாது. ஆனால் அப்பதம் வரும் இடங்களைத் தேடுவோர்க்கு ஓரிடமும் அகப்படாது. எம்பெருமானுடைய ஸௌலப்யத்தைப் பேசும் க்ரந்தத்தில் ஸௌலப்யமே அகப்படாமற்போவது எத்தகைய குறை! இதற்குப் பரிஹாரம் எளிது. 'தெளிவு', 'வெள்ளம்' என்பவற்றிற் போல ளகரம் உயிர்க்குறியோ புள்ளியோ ஏற்றிருந்தால் அது ளகரமே. கொம்புக்குப் பின் வெறும் ளகரமாய் நின்றால் பெரும்பாலும் ஔகாரமே. அவ்விடங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் போதும்.

இதனினும் நுண்ணியது மணிப்ரவாளத்துக்கே உரிய தோஷம். தமிழெழுத்தில் ஸம்ஸ்க்ருத வர்க்காக்ஷரங்களைக் காட்ட மேலே 2, 3, 4 என்னும் இலக்கங்களை இடுகிறோம். ஷாட்குண்யத்தில் ஒன்று ப³லம். புருஷார்த்தமாகப் பெறப்படுவது ப²லம். பழைய சொற்செயலியில் அவ்விலக்கம் ஓர் எழுத்து. அதை மேலேற்றிக் காட்டுக என்பது தனிக் கட்டளை. 1978இல் தோன்றிய வேர்ட்ஸ்டாரில் இத்தகைய கட்டளை கண்ணுக்குப் புலப்படாத குறியாகக் கோப்பினுள் கிடக்கும். எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும் நிரல் கட்டளையைக் கைவிடும். 'ப3லம்' என்று நிற்கும். அதைக் கண்டவர் இலக்கத்தைக் குப்பையென்று நீக்குவர். 'பலம்' என்று ஆகும். வலிமையோ பேறோ என்பது அதன்பின் வாசிப்பவர் ஊஹத்தின்பாற்பட்டது. ஒருங்குறியில் இம்மேலிலக்கங்களுக்குத் தனியிடங்கள் உள்ளன. ஆதலால் வடிவமைப்புக் கட்டளைகளைக் களைவதற்கு முன்பே இவற்றை அவ்விடங்களுக்கு மாற்றிவிட வேண்டும். முறை பிறழ்ந்தால் மீட்பு இல்லை.

புதிய குறியேற்றத்திலும் கவனம் வேண்டும். தமிழ்ப் பகுதியில் ஶகரம் இடம்பெற்றது 2005இல். க்ரந்த லிபி இடம்பெற்றது 2014இல். ஆகவே 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தை முதலாகக் கொண்டும் பதியலாம், ஶகரத்தை முதலாகக் கொண்டும் பதியலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாய்த் தோன்றும். ஒரு க்ரந்தத்துக்கு ஒன்றை நிச்சயித்து, அதனை முகவுரையில் அறிவிப்பது நலம்.

கோப்பைத் திறக்கும் வழிகளும் குறைந்து வருகின்றன. தமிழ்ப் பதிப்பகங்கள் பெரிதும் கையாண்ட பேஜ்மேக்கர் 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றது. அதன் பிற்காலக் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறந்தது; பின்வந்தவை அவ்வசதியை விட்டன. 2015இல் வெளியான லிப்ரே ஆபிஸ் 4.4 அக்கோப்புகளைத் திறக்கும் வகை செய்தது. ஆயினும் உரிய எழுத்துரு கைவசம் இல்லையேல் திறந்தும் பயனில்லை. தட்டச்சு செய்தவர்கள் முதியவராகிவிட்டனர்; எந்த எழுத்துரு, எந்த மென்பொருள் என்று இன்று அவர்களைக் கேட்கலாம்; நாளை கேட்க இயலாது.

ஆகவே செய்யத் தக்கவை இவை. மூலக் கோப்பையும் எழுத்துருவையும் திருத்தாமல் தனியே காத்தல். இயன்றால் பழைய மென்பொருளிலேயே திறந்து ஒரு படி அச்செடுத்தல். மாற்றியபின் ஒருவர் வாசிக்க மற்றொருவர் அந்த அச்சுப்படியைப் பார்த்து ஒப்புநோக்குதல். ஐயமுள்ள இடத்தைத் திருத்தாமல் குறியிட்டு வைத்தல்.

இறுதியிற் சொன்னதே முக்கியம். நஞ்சீயர் அருளிய ஒன்பதினாயிரப்படி காவிரியில் போய்விட, நம்பிள்ளை அதனை நினைவிலிருந்தே எழுதி, சிறப்பான அர்த்தங்களையும் சேர்த்து ஸமர்ப்பித்தார் என்பது ஸம்ப்ரதாயம் அறிந்தது. அது ஆசார்யன் திருவடியில் அர்த்தம் கேட்ட மஹாநுபாவருக்கு உள்ள அதிகாரம், பெயர்த்தெழுதுபவர்க்கு உள்ளதன்று. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி லுப்தமானபோது, மணவாளமாமுனிகள் லுப்தமான பகுதிக்கு மட்டுமே வ்யாக்யானம் சாதித்தருளினார். எது முன்னோர் வாக்கு, எது பின்னர் நிரப்பியது என்பது இன்றளவும் தெளிவாயிருக்கிறது. கோப்பு மாற்றும் கைங்கர்யத்தில் இறங்குவோர்க்கு அந்தத் தெளிவே ப்ரமாணமாகக் கடவது.