தொப்பியில் ஏறிய கொக்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு தைப்பூசத்துக்குப் பழனிக்குச் சென்றிருந்தபோது, அடிவாரத்துக் கடை ஒன்றில் மயிற்பீலி விசிறி ஒன்றைப் பேத்திக்கு வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது மயில் தானாகப் போட்ட இறகா, பிடுங்கின இறகா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் கடைக்காரர், "எல்லாம் தானா உதிர்ந்ததுதான் பாப்பா" என்று முடித்துவிட்டார். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் மலைநாட்டிலே நின்றுகொண்டு, அவர் சொல்லை நம்புவதா வேண்டாவா என்று தெரியாமல் நான் விழித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் நான். ஆகவே, இதே கேள்வியை உலகத்தார் முன்னரே கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றிற்று. கேட்டுத்தான் இருக்கிறார்கள். அந்த வரலாற்றையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொப்பியில்லாமல் மாதர் வீதிக்கு வருவதில்லை. இறகில்லாத தொப்பியோ நாகரிகமற்றதாகக் கருதப்பட்டது. இறகு மட்டுமன்று, சிறகும் வாலும், சில வேளைகளில் பாடம் செய்த முழுப் பறவையுமே தொப்பியின்மேல் அமர்ந்திருக்கும். 1886ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்னும் பறவையியல் அறிஞர் நியூயார்க் நகரக் கடைவீதியில் இரண்டு பிற்பகல்கள் உலாவி, எதிரே வந்த மாதரின் தொப்பிகளை எண்ணினார். எழுநூறு தொப்பிகளுள் 542இல் பறவைகள் இருந்தனவாம். பறவை நோக்கக் காட்டிற்குச் செல்லவேண்டிய அறிஞர் கடைவீதிக்குச் சென்றதே அக்காலத்தின் நிலையைக் காட்டப் போதுமானது.

இறகுகளுள் மிக்க விலை பெற்றது வெண்கொக்கின் முதுகில் தோன்றும் மெல்லிய தூவி. பிரெஞ்சு மொழியிலே அதனை 'எக்ரெட்' என்றனர். ஆங்கில வணிகரோ ஏனோ 'ஆஸ்ப்ரே' என்று பெயரிட்டனர். ஆஸ்ப்ரே என்பது மீன்பிடிக்கும் ஒரு வல்லூறு. அதற்கும் கொக்கிற்கும் எவ்வித உறவும் இல்லை. பெயரிலேயே பொய் புகுந்துவிட்ட வணிகம் அது. 1903ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இத்தூவி ஓர் அவுன்சுக்கு 32 டாலர் வரை விலைபோயிற்று. அன்று ஓர் அவுன்சுத் தங்கத்தின் விலை இருபது டாலருக்குச் சற்றே கூடுதல். பொன்னைவிடக் கொக்கின் முதுகு விலையுயர்ந்தது என்றால் வேடர் சும்மா இருப்பார்களா?

இதிலுள்ள கொடுமையைச் சற்று விளங்கச் சொல்லவேண்டும். இத்தூவி ஆண்டு முழுவதும் கொக்கிடம் இருப்பதில்லை. கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு வளர்க்கும் பருவத்தில்தான் முளைக்கிறது. மற்றக் காலங்களில் மனிதனைக் கண்டால் நூறடி தள்ளிப் பறக்கும் கொக்கு, குஞ்சுகள் கூட்டில் இருக்கும்போது மரத்தை விட்டு அகல்வதில்லை. தாய்மையே அதனைத் துப்பாக்கிக்கு எளிய இலக்காக்கிற்று. முதுகுத் தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலை எறிந்துவிடுவார்கள். கூட்டிலுள்ள குஞ்சுகள் இரைக்குக் கத்திக் கத்தி மாண்டுபோகும். எனவே ஒரு கொக்கைக் கொன்றவர் ஒரு கொக்கை மட்டும் கொன்றவர் அல்லர்.

இதனை எதிர்த்து முன்னின்று எழுந்தவர்களுள் தொப்பி அணிந்த பெண்களும் இருந்தனர். 1889ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை அடுத்த டிட்ஸ்பரி என்னும் ஊரில் எமிலி வில்லியம்சன் என்ற மாது தம் இல்லத்திலே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதே காலத்தில் கிராய்டனில் எலைசா பிலிப்ஸ் என்பவரின் வீட்டிலும் மாதர் கூடினர். இரு குழுக்களும் 1891இல் ஒன்றாயின. உணவுக்காகக் கொல்லப்படாத எந்தப் பறவையின் இறகையும் அணியமாட்டோம் என்பது உறுப்பினரின் உறுதிமொழி. தீக்கோழிக்கு மட்டும் விலக்கு அளித்தனர். அதன் இறகைப் பறவையைக் கொல்லாமலே கத்தரித்துவிடலாம். அரசிலே வாக்குரிமை இல்லாதிருந்த அப்பெண்களிடம் இருந்த ஆயுதம் ஒன்றே: அது அவர்கள் கடையில் நீட்டும் பணம். அச்சங்கமே 1904இல் அரச சாசனம் பெற்று, இன்று பிரிட்டனின் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கமாக விளங்குகிறது.

அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டு பாஸ்டன் நகரச் செல்வச் சீமாட்டியான ஹாரியட் ஹெமன்வே, தம் உறவினரான மின்னா ஹாலுடன் அமர்ந்து, ஊர்ப் பெருங்குடி மாதரின் பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர்களைத் தேநீருக்கு அழைத்து, இறகைக் கைவிடுமாறு இருவரும் வேண்டினர். ஏறத்தாழத் தொள்ளாயிரம் பெண்கள் இணங்கினார்கள். இறகுக்குப் பதிலாக நாடா, மலர்க்கொத்து, பட்டுத்துணிப் பூ ஆகியவற்றால் அவர்கள் தொப்பியை அழகு செய்தனர். பட்டு என்றவுடன் பட்டுப்புழுவின் நினைவு நேயர்களுக்கு வரக்கூடும். எனக்கும் வந்தது. ஆனால் ஒரு தலைமுறை எல்லாக் கேள்விகளையும் ஒருங்கே கேட்டுவிடுவதில்லை.

வணிகர்கள் வாளாவிருக்கவில்லை. அவர்கள் கையாண்ட உபாயமே இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் பகுதி. பெண்களின் மனம் உறுத்துகிறது என்பதை அறிந்ததும், "இது உண்மைத் தூவி அன்று; செயற்கையாகச் செய்தது" என்று சொல்லி விற்கத் தொடங்கினர். இரக்கமுள்ள பெண்களும் நிம்மதியாக வாங்கினர். லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையின் இயக்குநராயிருந்த சர் வில்லியம் பிளவர் 1896இல் இதனை வெளியிட்டு டைம்ஸ் இதழுக்கு எழுதினார். செயற்கை என்று விற்கப்பட்டவை யாவும் கொக்கின் உண்மைத் தூவியே என்பது அவர் கண்ட முடிவு! அதாவது, இரக்கத்தின் பெயராலேயே கொலை நடந்துகொண்டிருந்தது. இறகை விரும்பி அணிந்தவளாவது தான் அணிந்தது இன்னது என்று அறிந்திருந்தாள். விலக்கியதாக எண்ணி அணிந்தவளோ அதையும் அறியவில்லை.

இப்பொய் அம்பலமானபின் மற்றொன்று பிறந்தது. வெனிசுவேலா நாட்டுச் சதுப்பு நிலங்களில் கொக்குகள் தாமே உதிர்த்த தூவிகளைப் பொறுக்கி வருகிறோம் என்றனர். பழனிக் கடைக்காரர் சொன்னதும் இதுவே அல்லவா! உதிர்ந்த தூவியும் இருந்தது உண்மைதான். ஆனால் அது சேற்றிலும் முள்ளிலும் பட்டுச் சிதைந்தது. சந்தையில் அதற்கு மதிப்புக் குறைவு. நல்ல விலைக்கு விற்றதெல்லாம் சுடப்பட்ட பறவையினுடையதே.

நம் நாட்டிற்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக இறகு லண்டன் ஏலச்சந்தைக்குச் சென்றது. 1902ஆம் ஆண்டில் கர்சன் பிரபுவின் அரசாங்கம் காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஆகியவற்றின் ஏற்றுமதியைத் தடை செய்தது. வங்கத்தைப் பிரித்தவர் என்றே நாம் நினைவிற்கொள்ளும் கர்சனுக்கு இந்த நற்பெயரையும் அளிக்கத்தான் வேண்டும். தடைக்குப் பின்னும் கள்ளக்கடத்தல் ஓயவில்லை. சிந்து மாகாணத்தில் மீனவர் சிலர் கொக்குகளைத் தட்டிக் கூண்டுகளில் வளர்த்து, கொல்லாமல் ஆண்டில் பலமுறை தூவியைப் பிடுங்கினர். அது கொடுமையா அன்றா என்று பறவையியல் அறிஞர்களிடையே வாதம் நடந்தது. உயிரோடிருக்கும் பறவையின் முதுகிலிருந்து பிடுங்குவதில் வாதத்திற்கு என்ன இடம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

தமிழ்நாட்டில் வேடந்தாங்கல் மக்கள் வேறு வழி கண்டிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம், தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்று அவர்கள் கௌல் பெற்றுவிட்டார்கள். அதற்குக் காரணம் கருணை மட்டுமன்று. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் பாய்ந்த வயலில் நெல் செழித்தது. நன்மை கண்டு காத்தனர் என்பதால் அவர்கள் பெருமை குறைந்துவிடாது. லண்டன் பெண்கள் தொப்பியை மாற்றுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்பே இது நடந்தது.

சட்டங்கள் மெல்ல மெல்ல வந்தன. அமெரிக்காவில் 1900, 1913, 1918 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இடையே 1905இல் புளோரிடாவில் கொக்குகளைக் காத்து நின்ற கை பிராட்லி என்னும் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டனில் 1908இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. 1921ஆம் ஆண்டில்தான் இறக்குமதித் தடைச் சட்டம் பிறந்தது. உறுதிமொழிக்கும் சட்டத்திற்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள்! அதற்குள் மாதர் கூந்தலைக் குட்டையாகக் கத்தரிக்கத் தொடங்கிவிட்டனர். தலையோடு ஒட்டிய சிறு தொப்பி வந்துவிட்டது. பெரிய இறகிற்கு அதில் இடமே இல்லை. ஆகவே கொக்கைக் காத்தது சட்டமா, சங்கமா, கத்தரிக்கோலா என்று வினவுவோரும் உண்டு. மூன்றும் என்பதே என் எண்ணம். ஆனால் முதலில் வந்தது சங்கம்.

விற்பவரின் பழைய உபாயம் மட்டும் இன்னும் மறையவில்லை. 2017ஆம் ஆண்டில் பிரிட்டனில், செயற்கை உரோமம் என்று விற்ற ஆடைகளிலும் அணிகளிலும் உண்மையான விலங்கு உரோமம் இருந்தது சோதனையில் வெளிப்பட்டது. இம்முறை காரணம் விசித்திரமானது: பண்ணையில் கூண்டிலடைத்து வளர்த்த விலங்கின் உரோமம், நல்ல செயற்கை உரோமத்தைவிட மலிவாகிவிட்டதாம். வீட்டுப் பொருள்களிலும் இதே கதைதான். மேனாட்டு மெத்தையிலும் தலையணையிலும் அடைக்கும் வாத்துத் தூவியைப் பற்றி, செத்த பறவையினுடையதா, உயிரோடு பிடுங்கியதா என்ற வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. இலவம்பஞ்சுத் தலையணையில் தலைவைத்து வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. மரத்தில் வெடித்த காயிடம் யாரும் சாட்சி கேட்கவேண்டியதில்லை.

நம் மயிலுக்கு வருவோம். உதிர்ந்த மயிலிறகை உள்நாட்டில் விற்க நம் வனவிலங்குச் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டிற்கு அனுப்பத் தடை உண்டு. உதிர்ந்ததா பிடுங்கியதா என்று அறிய இறகின் அடிக்குருத்தைப் பார்க்கவேண்டும் என்று வனத்துறையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் பின்னொருநாள் எனக்குச் சொன்னார். தானே உதிர்ந்ததன் அடி வற்றித் துப்புரவாக இருக்கும். பிடுங்கியதில் குருதிக் கறை காணலாமாம். அன்றிரவே பேத்தியை அழைத்து, விசிறிக் காம்பில் சுற்றியிருந்த சிவப்பு நூலைப் பிரித்துப் பார்த்தோம். எல்லா இறகுகளின் அடியையும் கத்தரித்து ஒரே அளவாக்கி, பசை தடவி ஒட்டியிருந்தார்கள்.